சென்னையில் குடும்ப வன்முறைக்கு ஆளான ஆண்களுக்கான ஆதரவு

வீட்டுக்குள் அடி, வசை, அவமதிப்பு, மிரட்டல் ஆகியவற்றுக்கு ஆளாகும் ஆண்களுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. சென்னையில் அவர்களுக்கு ஓரளவு கிடைத்த ஆதரவு வேறு பெயர் தாங்கிய வாசல்கள் வழியாகவே வந்தது. தற்கொலைத் தடுப்பு மையம் அவற்றில் முதன்மையானது. குடும்ப நீதிமன்றம், குடிநோய் மருத்துவமனை, மூத்த குடிமக்கள் சட்டம் ஆகியவை மற்றவை.

சினேகா

மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் சினேகா தற்கொலை தடுப்பு மையத்தை நிறுவினார். மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில் அது இயங்குகிறது. சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் 1953-இல் லண்டனில் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பின் முறையே இதற்கும் அடிப்படை. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தொலைபேசியிலும் நேரிலும் பேசுபவரைக் கேட்பார்கள். அறிவுரையோ தீர்ப்போ சொல்வதில்லை. பேசுபவர் தம் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் சொல்லாமல் பேசலாம் என்பது ஆண்களைப் பொறுத்தவரை சிறிய சலுகை அல்ல. மனைவி பூரிக்கட்டையால் அடிப்பதும் கணவன் கட்டிலுக்கு அடியில் ஒளிவதும் தமிழ் வார இதழ்களின் நிரந்தரத் துணுக்குகள். ஊரே சிரிக்கும் ஒன்றைக் காவல் நிலையத்தில் புகாராகச் சொல்லப் பலரும் தயங்குவார்கள்.

மையம் தொடங்கிய காலத்தில் தற்கொலை முயற்சி இந்திய தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவின்கீழ் குற்றம். வழக்குக்கு அஞ்சிய குடும்பங்கள் உண்மைக் காரணத்தை மறைத்தன. நாளிதழ்களில் அது பெரும்பாலும் ‘தீராத வயிற்றுவலி’ ஆயிற்று. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்றது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தோர் 1,64,033 பேர். ஆண்கள் 1,18,979 பேர். காரணங்களில் முதலிடம் ‘குடும்பப் பிரச்சினைகள்’, 33.2 விழுக்காடு. வீட்டுக்குள் நடந்த கொடுமை இந்தத் தலைப்பில் எவ்வளவு என்பதை அட்டவணை பிரித்துக் காட்டுவதில்லை. எனவே இவ்வெண்ணை மனைவியரின் கொடுமைக்குச் சான்றாகக் காட்டுவோர் அதில் இல்லாததைப் படிக்கிறார்கள்.

நீதிமன்றம்

2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் பாதிக்கப்பட்டவர் என்று பெண்ணை மட்டுமே ஏற்கிறது. இதற்கு வலுவான காரணம் உண்டு: ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகக் கூறினர். ஆனால் அந்த ஆய்வின் வன்முறைக் கேள்விகள் ஆண்களிடம் கேட்கப்படவே இல்லை.

கணவர்களுக்கு இருந்த வழி மணமுறிவு வழக்குதான். 1976 திருத்தத்துக்குப் பின் இந்து திருமணச் சட்டத்தில் கொடுமை மணமுறிவுக்குக் காரணமாயிற்று. கணவன், மனைவி இருவருக்குமே அது பொருந்தும். கணவரை மனநோயாளி என்று மனைவி பதில் மனுவில் எழுதியதே மனக்கொடுமை என 1993-இல் உச்ச நீதிமன்றம் பகத் வழக்கில் கூறியது. 2007-இல் சமர் கோஷ் வழக்கில் மனக்கொடுமைக்கு எடுத்துக்காட்டுகளைத் தொகுத்து, இதற்கு முழுமையான இலக்கணம் வகுக்க இயலாது என்றும் சொன்னது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். வைத்தியநாதன் 2021-இல் ஒரு வழக்கில், மனைவிக்கு எதிராகக் கணவன் நாட இத்தகைய சட்டம் இல்லாதது துரதிர்ஷ்டம் என்று குறிப்பிட்டார். தீர்ப்பு உறவை முறிக்கும். காயத்தை ஆற்றுவது அதன் வேலையல்ல. குடும்ப நீதிமன்றங்களில் ஆலோசகர்கள் உண்டு, ஆனால் அவர்களது முதல் முயற்சி சமரசம்.

பிற வாசல்கள்

ஆணைத் துன்புறுத்துபவர் எப்போதும் மனைவியல்ல. குடிகாரத் தந்தையிடம் அடிபட்டு வளர்ந்தவர்கள் பலர். அடையாறு இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடிநோயாளியோடு குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது.

முதியவர்கள் நிலை இன்னொன்று. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம் ஆண், பெண் பாகுபாடு பார்ப்பதில்லை. தியாகராய நகரில் மகனால் வீட்டைவிட்டுத் துரத்தப்படும் எழுபது வயதுத் தந்தை கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம்; வழக்கறிஞர் தேவையில்லை. அதே வீட்டில் நாற்பது வயது மகன் அடிபட்டால் அவருக்கு அப்படியொரு தீர்ப்பாயம் கிடையாது. மன ஆதரவுக்கு அவர் அழைக்கக்கூடியவற்றில் சினேகாவும், தமிழக அரசின் 104 சேவையும், 2022 முதல் இயங்கும் டெலிமானஸ் 14416 எண்ணும் அடங்கும்.