ஒரு பழைய லாரியின் மூலப்பத்திரம்



வழக்கமாக இந்த நேரத்தில் விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிற நான், இன்றைக்கு ஒரு லாரியின் கதையைச் சொல்லப் போகிறேன். என்னடா இது, வேளாண்மை அலுவலர் லாரிக் கதைக்குப் போயிட்டாரேன்னு நினைக்காதீங்க. கடைசியில் இந்த லாரி நம்ம மாட்டுக் கொட்டகைக்குத்தான் வந்து நிற்கும்.

ஒரு ஏக்கர் நிலம் வாங்க வேண்டுமானால் நாம் என்ன செய்கிறோம்? மூலப்பத்திரம் கேட்கிறோம். வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, நடுவில் கை மாறியதா, பாகம் பிரிந்ததா என்று தேடுகிறோம். இங்கிலாந்தில் சில பேர் இதே வேலையைப் பழைய லாரிகளுக்குச் செய்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இது பிழைப்பு இல்லை. மெக்கானிக்கு, வாத்தியார், விவசாயி, ஓய்வு பெற்ற டிரைவர் என்று பலதரப்பட்டவர்கள் சொந்தக் காசையும் ஓய்வு நேரத்தையும் போட்டுச் செய்கிறார்கள். அப்படி அவர்கள் தேடுகிற அரிய லாரிகளில் ஒன்றுதான் லேலண்ட் ஆர்.ஏ.எஃப். ரக லாரி.

கொல்லுப்பட்டறையிலிருந்து கம்பெனி வரை

லேலண்ட் என்பது முதலில் ஓர் ஊரின் பெயர். இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் வட்டாரத்தில் இருக்கிறது. அந்த ஊரில் கொல்லுப்பட்டறைக் குடும்பத்தில் பிறந்தவர் ஜேம்ஸ் சம்னர். நீராவியில் ஓடும் வண்டி செய்து பார்த்தார். நீராவியில் ஓடும் புல்வெட்டும் இயந்திரமும் செய்து விற்றார். 1896-ல் ஹென்றி ஸ்பரியர் என்பவரோடு சேர்ந்து லங்காஷயர் ஸ்டீம் மோட்டார் கம்பெனியை ஆரம்பித்தார். 1904-ல் பெட்ரோல் வண்டி செய்தார்கள். 1907-ல் ஊர்ப் பெயரையே கம்பெனிக்கு வைத்து லேலண்ட் மோட்டார்ஸ் ஆக்கினார்கள்.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஒரு கவலை. யுத்தம் வந்தால் ஆயிரக்கணக்கில் லாரி வேண்டும். யுத்தம் இல்லாத காலத்தில் அத்தனை லாரியை வாங்கிச் சும்மா நிறுத்தி வைக்க முடியாது. அதற்கு ஒரு மானியத் திட்டம் போட்டார்கள். நாங்கள் சொல்கிற அமைப்பில் உள்ள லாரியை வியாபாரிகள் வாங்கி ஓட்டட்டும். நாங்கள் மானியம் தருகிறோம். யுத்தம் வந்தால் வண்டியை எங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஓட்டுகிற முறை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு விதி. ஒரு வண்டி ஓட்டத் தெரிந்தவன் எந்த வண்டியிலும் ஏறி ஓட்டலாம் அல்லவா? 1912-ல் நடந்த ராணுவச் சோதனையில் லேலண்ட் லாரி தேறியது.

1914-ல் முதலாம் உலக யுத்தம் மூண்டது. யுத்தம் முடிவதற்குள் லேலண்ட் கம்பெனி ஏறத்தாழ 6,000 வண்டிகளை ராணுவத்துக்குக் கொடுத்தது. பெரும்பாலானவை விமானப் பிரிவுக்குப் போயின. அந்தப் பிரிவு 1918 ஏப்ரல் 1-ஆம் தேதி ராயல் ஏர் ஃபோர்ஸ் என்ற தனிப் படையானது. அதன் சுருக்கமே ஆர்.ஏ.எஃப். லாரிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மூன்று டன் பாரம் ஏற்றும் வண்டி. நாலு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின். கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். காற்றடைத்த டயர் கிடையாது. முழுக் கட்டி ரப்பர். குண்டும் குழியுமான போர்க்களச் சாலையில் இதில் உட்கார்ந்து போனவர்களின் முதுகெலும்பை நினைத்துப் பாருங்கள்.

விற்ற வண்டியைத் திரும்ப வாங்கியவர்கள்

1918 நவம்பரில் யுத்தம் ஓய்ந்தது. ராணுவத்திடம் உபரி லாரிகள் மலைபோல் குவிந்து கிடந்தன. சர்க்கார் அவற்றை விற்க முன்வந்தது. யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள் பலர், கையிலிருந்த பணத்தைப் போட்டு ஒரு பழைய லாரியை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார்கள்.

இங்கேதான் லேலண்ட் கம்பெனி ஒரு முடிவெடுத்தது. அடிபட்டு, தேய்ந்து, சேறு படிந்த நம்ம வண்டிகள் அப்படியே சந்தைக்குப் போனால் என்ன ஆகும்? வாங்கினவன் வண்டி பாதி வழியில் நிற்கும். அவன் யுத்தத்தைக் குறை சொல்ல மாட்டான், லேலண்டைத்தான் குறை சொல்வான். ஆகவே கம்பெனி தன்னுடைய லாரிகளில் ஏறத்தாழ 3,000-ஐச் சர்க்காரிடமிருந்து தானே திரும்ப வாங்கியது. லண்டன் அருகே கிங்ஸ்டன் பக்கத்தில் ஹாம் என்ற இடத்தில், யுத்தத்தின்போது சாப்வித் கம்பெனி விமானம் கட்டிய பெரிய தொழிற்சாலை இருந்தது. அங்கே லாரிகளை ஆணி ஆணியாகக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டி, உத்தரவாதம் கொடுத்து விற்றார்கள்.

வியாபாரக் கணக்கில் இது பெரும் சுமை. ஆயிரக்கணக்கான பழைய வண்டி சந்தையில் இருக்கும்போது புது வண்டி எப்படி விற்கும்? 1920-களின் தொடக்கத்தில் கம்பெனி கடும் பண நெருக்கடியில் மாட்டிக்கொண்டது. ஆனால் பெயர் கெடவில்லை. புதுப்பித்த அந்த லாரிகள் பல ஆண்டுகள் உழைத்தன.

இரும்பு சொல்லும் சாட்சி

கம்பெனிக்குப் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்த அந்த வேலையே, இன்றைக்கு வரலாறு தேடுகிறவர்களுக்குத் தலைவலி. ஏன் என்று கேளுங்கள். மொத்தமாகக் கழற்றி மொத்தமாகப் பூட்டும்போது, ஒரு வண்டியின் இஞ்சின் இன்னொரு வண்டிக்குப் போனது. ஒன்றின் அச்சு மற்றொன்றுக்குப் போனது. பிறகு 1920-களில் பலர் கட்டி ரப்பரை எடுத்துவிட்டுக் காற்று டயர் போட்டார்கள். சரக்குப் பெட்டியை எடுத்துவிட்டுப் பஸ் கூடு கட்டினார்கள். இன்றைக்குக் கிடைக்கும் ஒரு வண்டியில் சேஸிஸ் ஒரு காலத்தது, இஞ்சின் ஒரு காலத்தது, உடம்பு இன்னொரு காலத்தது.

தேடுகிறவர்கள் முதலில் துருவைச் சுரண்டுகிறார்கள். சேஸிஸில் அடித்த எண், இஞ்சினில் அடித்த எண், கியர் பெட்டியிலும் அச்சிலும் வார்ப்போடு வந்த எழுத்து, எல்லாவற்றையும் குறிக்கிறார்கள். அடுத்து பெயிண்ட். மேல்பூச்சை ஒட்டுமொத்தமாகத் தேய்த்து எடுப்பதில்லை. உப்புத்தாள் கொண்டு மெல்ல மெல்லத் தேய்க்கிறார்கள். அடிப்பூச்சில் பழைய முதலாளியின் பெயரோ, ஊரோ, ராணுவ எண்ணோ தெரிந்தால் அதுதான் புதையல்.

ஒரு முழு லாரி அப்படியே கிடைப்பது அபூர்வம். சேஸிஸ் ஓரிடம், இஞ்சின் ஓரிடம் என்று பல வண்டிகளின் மிச்சத்தைச் சேர்த்து ஒன்றாக்குகிறார்கள். கிடைக்காத பாகத்துக்கு மரத்தில் மாதிரி செய்து, வார்ப்படப் பட்டறையில் ஊற்றி எடுக்கிறார்கள். நேர்மையானவர்கள், எந்தப் பாகம் எங்கே கிடைத்தது, எது புதிதாகச் செய்தது என்று நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறார்கள். அப்படி எழுதாவிட்டால், அடுத்த தலைமுறைக்குப் பொய்ப் பத்திரம் கொடுத்தது மாதிரி ஆகிவிடும்.

தாள் சொல்லும் சாட்சி

இரும்பு பாதி சொல்லும். மீதியைத் தாள்தான் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1904 முதல் ஊர்திகளை அந்தந்த வட்டார நிர்வாக அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. யார் பெயரில் இருந்தது, என்ன நிறம், என்ன எடை, எப்போது கை மாறியது எல்லாம் அந்தப் பேரேட்டில் இருந்தது. நம்ம ஊர் அடங்கல் புத்தகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1970-களில் பதிவு வேலையெல்லாம் ஸ்வான்சீ நகரில் ஒரே அலுவலகத்துக்கு, கம்ப்யூட்டருக்குப் போனது. வட்டார அலுவலகங்களில் இருந்த பழைய பேரேடுகள் இனி எதற்கு என்று பல இடங்களில் அழித்துவிட்டார்கள். சில இடங்களில் ஆர்வலர்கள் ஓடிப்போய்க் காப்பாற்றி ஆவணக் காப்பகங்களில் சேர்த்தார்கள். 1983-க்குள் கம்ப்யூட்டரில் ஏறாத வண்டியின் பழைய பதிவு எண் செல்லாமல் போனது. அதைத் திரும்பப் பெற வேண்டுமானால், அந்த எண் அந்த வண்டிக்கு உரியதுதான் என்று காட்டும் பழைய தாள் வேண்டும். அங்கீகாரம் பெற்ற பழைய வண்டிச் சங்கம் ஒன்று சான்று தர வேண்டும். ஒரு பழைய வரி ரசீது இருந்தால் வண்டிக்குச் சொந்த எண் திரும்பும். இல்லாவிட்டால் அடையாளம் போனது போனதுதான்.

இந்தத் தேடலைத் தனியாளாகச் செய்ய முடியாது. 1958-ல் பழைய சரக்கு வண்டி, பஸ் ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். 1962-ல் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை பழைய வண்டிகளை ஓட்டிச் செல்லும் ஊர்வலம் தொடங்கியது. 1983-ல் லேலண்ட் ஊரிலேயே சரக்கு வண்டி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய படங்களும் கம்பெனிப் பதிவேடுகளும் அங்கே காக்கப்படுகின்றன.

காப்பாற்றியது யார் தெரியுமா?

சரி, அக்காலத்து லாரிகளின் மிச்சம் இத்தனை ஆண்டுகள் எங்கே கிடந்தது? பெரும்பாலும் விவசாயிகளிடம்தான். நகரத்தில் இடத்துக்கு வாடகை உண்டு; ஓடாத வண்டி உடனே காயலான் கடைக்குப் போகும். இரண்டாம் உலக யுத்தத்தில் இரும்புக்குக் கிராக்கி வந்தபோது போனவையும் உண்டு. பண்ணையில் அப்படி இல்லை. என்றைக்காவது உதவும் என்று விவசாயி மூலையில் தள்ளி வைப்பான். சக்கரத்தோடு சேஸிஸை டிராக்டரின் பின்னால் கட்டி டிரெய்லர் ஆக்கினார்கள். லாரியின் பெட்டி கோழிக் கூண்டானது. இஞ்சின் மரம் அறுக்கும் ரம்பத்தைச் சுற்றியது. இங்கிலாந்தில் மட்டுமல்ல, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பண்ணைகளிலும் இப்படித்தான் பழைய லாரிகளின் எலும்புக்கூடு கிடைத்தது. விவசாயி வரலாறு என்று நினைத்துக் காப்பாற்றவில்லை. வீணாக்க மனம் வராமல் வைத்திருந்தான். அதுவே வரலாறானது.

லேலண்ட் பெயர் நம்ம ஊருக்கு வந்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1948-ல் ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியை ஆரம்பித்து, சென்னை எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டும் தொழிற்சாலை வைத்தார். 1950-ல் லேலண்டோடு ஒப்பந்தம் ஆகி காமெட் லாரி எண்ணூரில் பூட்டப்பட்டது. 1955-ல் கம்பெனி அசோக் லேலண்ட் ஆனது. இப்போது அந்த இங்கிலாந்து ஊர்த் தொழிற்சாலையில் செய்யும் லாரிகள் டாஃப் என்ற பெயரில் வருகின்றன. லேலண்ட் என்ற பெயரை நெற்றியில் தாங்கி ஓடுவது நம்ம நாட்டு லாரிகள்தான். கடன்பட்டுக் காப்பாற்றிய பெயர் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

நான் செய்த தவறு

இவ்வளவு சொல்லிவிட்டு, நான் செய்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பெரியவர் தோட்டத்துக் கிணற்று மேட்டில் பழைய ஆயில் இஞ்சின் ஒன்று கிடந்தது. "எங்கப்பா வாங்கினது சார். கமலை போய் இந்தக் கிணத்துக்கு முதல்ல வந்தது இதுதான்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதான் கரண்டு மோட்டார் ஓடுதே, இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்குது, எடைக்குப் போட்டுடுங்க" என்றேன். அலுவலர் சொன்னாரே என்று அவரும் போட்டுவிட்டார்.

சில வருஷம் கழித்து, பாலிடெக்னிக்கில் படிக்கும் அவருடைய பேரன் என்னைத் தேடி வந்தான். "சார், எங்க இஞ்சின் எந்தக் கம்பெனி, எந்த வருஷம், உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். எனக்கு ஞாபகம் இல்லை. பெரியவரும் அப்போது இல்லை. எண் பொறித்த பித்தளைத் தகடு இஞ்சினோடு போய்விட்டது. அந்தத் தகடு நூறு கிராம்கூட இருக்காது. ஒரு ஸ்குரூடிரைவர் வைத்து நாலு திருகைக் கழற்றியிருந்தால் போதும். எனக்கு அன்று தோன்றவில்லை.

எல்லாப் பழைய சாமானையும் வைத்துக் காவல் காக்கச் சொல்லவில்லை. அது முடியாது, தேவையும் இல்லை. பழைய டிராக்டர், ஆயில் இஞ்சின், செக்கு, லாரி எதை எடைக்குப் போட்டாலும், அதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலாவது, எண் தகட்டைக் கழற்றி வையுங்கள். கழற்ற முடியாவிட்டால், எண் மீது வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். வண்டிப் பதிவுக்குச் சேஸிஸ் எண்ணை எடுப்பார்களே, அதே முறைதான்.

இரண்டாவது, வாங்கிய பில், ஆர்.சி. புத்தகம், சொசைட்டி கடன் ரசீது எதுவானாலும் கிழிக்காமல் நிலப் பத்திரத்தோடு வையுங்கள்.

மூன்றாவது, முழுதாக ஒரு போட்டோ எடுங்கள். வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் நிற்க வைத்து எடுங்கள்.

நான்காவது, யார் வாங்கினார்கள், என்ன விலை, எந்தக் கிணற்றுக்கு, எந்தப் போகத்துக்கு உழைத்தது என்று பெரியவரிடம் கேட்டு, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

அதற்கப்புறம் எடை போடுவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். இரும்புக்கு விலை வரும். ஆனால் அந்த நோட்டில் எழுதியதை எந்தக் காயலான் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.

அடுத்த முறை வழக்கம்போல் பயிரோடு சந்திப்போம்.