சுற்றமும் நட்பும்

போன மாதம் ஒரு ராத்திரி விழிதியூரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பழைய லேப்டாப்பில் லினக்ஸை அப்கிரேட் செய்துகொண்டிருந்தேன். இணையம் போனிலிருந்து வருகிறது, நாளைக்கு ஒன்றரை ஜிபிதான். திரையில் ஒரு வரி வந்தது: புதிதாக 47 பேக்கேஜ்கள் நிறுவப்படும். நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. பட்டியலில் ஒரு மெயில் சர்வர். பெங்காலி, ஒடியா, குர்முகி எழுத்துருக்கள் வேறு. "இதையெல்லாம் யார்றா கூப்பிட்டது?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். வேறு வழியில்லாமல் 'ஒய்' அடித்துவிட்டுத் தூங்கப் போனேன்.

அந்தக் கேள்விக்கு முப்பது வருஷ வரலாறு இருக்கிறது. 1993இல் இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். அதன் அடிப்படைக் கருவி டிபிகேஜி. ஒரு பேக்கேஜைக் கையில் கொடுத்தால், "இது ஓட இன்னொன்று வேண்டும்" என்று சொல்லி நின்றுவிடும். அதைத் தேடிப் போனால் அதற்கு இன்னும் இரண்டு வேண்டும். 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1இல்தான் ஆப்ட் சேர்ந்தது. அலையும் வேலையை அது எடுத்துக்கொண்டது. முடிவெடுக்கும் வேலையில் பாதியையும் சேர்த்து எடுத்துக்கொண்டது.

கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று போடுவோம் இல்லையா, பேக்கேஜ் வருவதும் அப்படித்தான். 'டிபெண்ட்ஸ்' என்பது சுற்றம். தாய்மாமன் வராமல் சடங்கு நடக்காது. 'ரெகமெண்ட்ஸ்' நட்பு. அவர்கள் இல்லாமலும் தாலி ஏறும், ஆனால் பந்தி பரிமாற ஆள் இருக்காது. 'சஜஸ்ட்ஸ்' வழியில் பார்த்தால் தலையாட்டும் பழக்கம், அவ்வளவுதான். ஆரம்பத்தில் ஆப்ட்-கெட் சுற்றத்தை மட்டும் அழைத்து வந்தது. 2009 பிப்ரவரியில் வந்த டெபியன் 5.0 முதல் நட்பையும் சேர்த்தே அழைக்கிறது.

சரி, இருப்பதைப் புதுப்பிக்கும்போது புது ஆள் எதற்கு? ஒரு பேக்கேஜை இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரு லைப்ரரியின் பெயரிலேயே பதிப்பு எண் மாறியிருக்கும். புதிய பதிப்பு புதிய நண்பரைச் சேர்த்திருக்கும். பழைய 'ஆப்ட்-கெட் அப்கிரேட்' புதியவர்களை உள்ளே விடாது. 2014இல் 1.0 ஆன 'ஆப்ட்' கட்டளையின் அப்கிரேடோ விடும். பழையதும் உடனே போய்விடாது. காரைக்கால் 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவிடம் வந்தது, ஆனால் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்றுதான் இன்னமும் சொல்கிறோம். அந்த மாதிரி.

இதில் சண்டையும் நடந்திருக்கிறது. 2019 அக்டோபரில் உபுண்டு 19.10, குரோமியம் உலாவியின் பேக்கேஜை வெறும் கூடாக மாற்றியது. ஆப்டில் குரோமியம் கேட்டால், ஸ்னாப் என்ற வேறொரு முறையில் அது வந்து இறங்கும். ஒவ்வொரு உபுண்டு பதிப்புக்கும் தனித்தனியாகக் கட்டிக்கொடுக்கும் உழைப்பு மிச்சம் என்பது அவர்கள் தரப்பு. உபுண்டுவை அடித்தளமாகக் கொண்ட லினக்ஸ் மின்ட், கேட்டது ஒன்று வருவது ஒன்றா என்று எதிர்த்தது. 2020இல் வந்த மின்ட் 20, பயனர் தானே கதவைத் திறந்தாலொழிய ஆப்ட் ஸ்னாப்பைக் கொண்டுவரக் கூடாது என்று தடுத்துவிட்டது.

நானும் அதே கோபத்தில்தான் காலையில் உட்கார்ந்தேன். என்னென்ன வந்தன என்பது ஆப்டின் ஹிஸ்டரி பதிவில் வரிசையாக இருந்தது. அடுத்தது 'ஆப்டிட்யூட் வொய்'. ஒரு பேக்கேஜின் பெயரைச் சொல்லி 'ஏன்' என்று கேட்டால், யார் கையைப் பிடித்து வந்தது என்று சங்கிலியைக் காட்டும். மெயில் சர்வரை அழைத்து வந்தது 'அட்' என்ற சின்னக் கருவி. சொன்ன நேரத்தில் ஒரு வேலையைச் செய்து, முடிவை மெயிலில் அனுப்பும். பலர் ஒரே கணினியில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம். நட்புதானே, தாராளமாக அனுப்பி வைக்கலாம். அனுப்பிவிட்டேன்.

அடுத்தது ஒடியா எழுத்துரு. அழிக்கும் முன் '-எஸ்' போட்டு ஒத்திகை பார்த்தேன். ஃபாண்ட்ஸ்-இண்டிக் என்ற ஒரு கட்டும் சேர்ந்து போகும் என்றது. இந்திய எழுத்துகளை எல்லாம் ஒன்றாக இழுத்துவரும் கட்டு அது. அது பிரிந்தால் மற்றவை 'இனித் தேவையில்லை' பட்டியலில் விழும். பட்டியலைப் பார்த்தேன். பெங்காலி, குஜராத்தி, தெலுங்கு. நடுவில் லோஹித் தமிழ்.

ராத்திரி அந்தப் பட்டியலில் தமிழும் இருந்திருக்கிறது. என் கண்ணில்தான் படவில்லை. லோஹித் எழுத்துருக்களை ரெட் ஹாட் 2004இல் வெளியிட்டது. அந்தக் காலத்தில் லினக்ஸில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் பல கணினிகளில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எழுத்துருவைத் தேடிப்பிடித்து நிறுவ வேண்டும். இன்று யாரும் தேடுவதில்லை, கேட்காமலே வந்துவிடுகிறது. பிரேசிலிலோ போலந்திலோ ஒருவர் தன் பட்டியலில் தமிழைப் பார்த்து, நான் திண்ணையில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டிருப்பார்.

மின்ட் கேட்டது நியாயம்தான், என் கணினிக்குள் வருவது எனக்குத் தெரிந்தாக வேண்டும். இப்போதெல்லாம் 'ஒய்' அடிக்கும் முன் பட்டியலைக் கடைசி வரி வரை படிக்கிறேன், அழிக்கும் முன் 'ஏன்' கேட்கிறேன். ஒடியா அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சில எம்பிதான்.