படைத்தபடியே இருக்கிறதா கடல்?

இராசபாளையத்திலிருந்தும் திருவில்லிபுத்தூரிலிருந்தும் பார்த்தால் கடல் தெரியாது. மேற்கே மலை, கிழக்கே கரிசல். ஆலைச் சங்கொலி கேட்டு எழும் ஊர் ஒன்று. வானளாவிய கோபுரத்தின் நிழலில் வாழும் ஊர் மற்றொன்று. இவ்வூர்களில் இருப்பவர்க்குக் கடலில் மிதக்கும் பாசியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று கேட்பவர் இருக்கலாம். கேட்கட்டும். மூச்சை உள்ளிழுத்துத்தானே அக்கேள்வியை அவர்கள் கேட்க வேண்டும்! உலகில் ஆண்டுதோறும் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதியை நடத்துபவை, கடலில் மிதக்கும், கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகளே. தாவரப் பிளாங்டன் என்று அவற்றைக் கூறுவர்.

அந்நுண்ணுயிர்களின் வரலாறு நமக்கு வேறொரு வகையிலும் வேண்டப்படுவதாகும். "ஆதியில் படைத்தது படைத்தபடியே இருக்கிறது; மேல் மேலாகவும் கீழ் கீழாகவும் இருப்பது இயற்கை; மாற்ற நினைப்பது அறியாமை" என்று நம் மக்களுக்கு எத்தனை நூற்றாண்டுகளாக ஓதி வந்தனர்! இயற்கையையே சாட்சிக்கு அழைத்தனர். அந்தச் சாட்சியை நாமும் விசாரிப்போம்.

1868-ஆம் ஆண்டு, இங்கிலாந்து நாட்டு நார்விச் நகரில், தொழிலாளர் நிறைந்த அவையிலே தாமஸ் ஹக்ஸ்லி பேசினார். டார்வினின் கொள்கையை ஊரறிய ஆதரித்து நின்ற அறிஞர் அவர். பேச எடுத்துக்கொண்ட பொருள் என்ன? தச்சன் கையிலிருக்கும் சுண்ணக்கட்டி! வகுப்பறையில் நாம் ஏந்தும் கட்டி இன்று பெரும்பாலும் ஜிப்சத்தால் செய்யப்படுகிறது. அவர் பேசிய சுண்ணமோ பழங்கடலின் அடியில், நுண்ணுயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கில் படிந்து, இறுகிப் பாறையாகிய ஒன்று. ஒரு துண்டுச் சுண்ணத்தில் ஓர் உலகின் வரலாறு எழுதியிருக்கிறது என்பதை உழைப்பாளர்க்கு விளங்கும் மொழியில் அவர் எடுத்துரைத்தார். ஆலைத் தொழிலாளர் நிறைந்த நம் ஊரின் படிப்பகங்களிலும் இத்தகைய பேச்சு, நம் தாய்மொழியிலே, நாள்தோறும் ஒலிக்க வேண்டாமா?

அதற்குப் பத்தாண்டு முன்னர், 1858-இல், அட்லாண்டிக் ஆழ்கடற் சேற்றில் வட்டத் தட்டுகள் போன்ற நுண்பொருள்களைக் கண்டு ஹக்ஸ்லி அவற்றுக்குக் 'காக்கோலித்' என்று பெயரிட்டார். உயிரற்ற துகள்கள் என்றே முதலில் எண்ணினார். பின்னர் வந்த ஆராய்ச்சியோ அவை ஒருவகை நுண்பாசி தன் உடலைச் சுற்றி அமைத்துக்கொண்ட சுண்ண ஓடுகள் என்று காட்டிற்று. பெரியவர் சொன்னார் என்பதற்காக விஞ்ஞானம் பிழையைப் பூசித்துக்கொண்டிருப்பதில்லை!

ஆராய்ச்சி வளர வளரக் கடலின் முகமே மாறிற்று. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்வுலகின் காற்றிலே உயிர்வளி மிகுதியாகச் சேரத் தொடங்கியது. சேர்த்தவை நீலப்பச்சைப் பாசிகளின் முன்னோரே. சூழ்நிலைக்கு அடங்கி வாழ்ந்ததோடு அவை நிற்கவில்லை, சூழ்நிலையையே மாற்றின. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிய பேரழிவில், சுண்ண ஓடு தாங்கிய பாசியினங்களில் பெரும்பாலானவை அடியோடு அழிந்தன. எஞ்சிய சிலவற்றின் வழியிலேயே புதிய இனங்கள் தோன்றின. படைத்தது படைத்தபடியே இருந்த நாள் எது? காட்டச் சொல்லுங்கள்!

இத்துறையில் நம் நாடு பின்தங்கி நிற்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசியியலுக்கு அடித்தளமிட்டவர் எம். ஓ. பி. அய்யங்கார். சென்னைக் கடலோரத்தில் மிதக்கும் டயாட்டம் என்னும் கண்ணாடி ஓட்டுப் பாசிகளை இனம் இனமாக விவரித்து 1946-இல் ஆர். சுப்பிரமணியன் வெளியிட்டார். 1947-இல் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் தோன்றி, மண்டபத்திலே வேரூன்றியது. மீன்வளத்தை அறிய வேண்டின் மீனின் உணவை அறிய வேண்டும்; அவ்வுணவின் முதற்படி இந்தப் பாசியே என்பதை அங்குள்ளோர் உணர்ந்திருந்தனர்.

சூழல் மாறும்போது இச்சிற்றுயிர்கள் எவ்வாறு ஈடுகொடுக்கின்றன? 2012-இல் ஜெர்மனியின் கீல் நகர ஆராய்ச்சியாளர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சுண்ணப் பாசியின் பெயரிலேயே ஹக்ஸ்லி வாழ்கிறார்: எமிலியானியா ஹக்ஸ்லேயி. கரியமில வாயு மிகுந்த நீரில் அதை ஏறத்தாழ ஓராண்டு, 500 தலைமுறை வளர்த்தனர். அத்தகைய நீரில் அதன் வளர்ச்சி குன்றும். ஓடு கட்டும் திறனும் குறையும். ஆயின், 500 தலைமுறை அந்நீரிலேயே வாழ்ந்த கூட்டம், அதற்குப் பழகாத கூட்டத்தைவிட விரைந்து வளர்ந்தது. இழந்த ஓடுகட்டும் திறனிலும் ஒரு பகுதியை மீட்டது.

மந்திரமா? இல்லை. வரமா? இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் சிறுசிறு வேறுபாடுகள் தோன்றுகின்றன. புதிய சூழலுக்கு ஏற்றவை பெருகுகின்றன, ஏலாதவை அருகுகின்றன. நாளுக்கு ஒருமுறை பிளந்து பெருகும் உயிராதலால், மனிதனுக்குப் பல்லாயிரம் ஆண்டு பிடிக்கும் தலைமுறைக் கணக்கை அது ஓராண்டில் முடித்துவிடுகிறது.

இதைக் கேட்டதும் ஒரு புதிய வேதாந்தி எழுந்து நிற்பார். "பாசி தானே மாறிக்கொள்கிறதன்றோ? கடல் சூடேறினால் என்ன? இயற்கை பார்த்துக்கொள்ளும்!" என்பார். பழைய வேதாந்தி 'எதுவும் மாறாது' என்று கையைக் கட்டினார். புதியவர் 'எல்லாம் தானே மாறிக்கொள்ளும்' என்று கையைக் கட்டுகிறார். கட்டிய கை இரண்டிலும் ஒன்றே!

உண்மை என்ன? மேற்பரப்பு நீர் சூடேறினால் அது இலேசாகி மேலேயே தங்கும். அடியிலுள்ள சத்து நீர் எளிதில் மேலே கலவாது. வயலில் எரு இடாதது போலப் பாசிக்கு உணவு குறையும். மேற்கு இந்தியப் பெருங்கடலில், முந்திய அறுபதாண்டுகளில் தாவரப் பிளாங்டன் 20 விழுக்காடு வரை குறைந்திருப்பதாக எம். கே. ராக்ஸியும் உடன் ஆய்ந்தோரும் 2016-இல் எழுதினர்.

இன்னொன்றும் உண்டு. சூழல் மாறும்போது எல்லா இனமும் ஒன்றுபோல் தாங்குவதில்லை. ஒன்று ஒதுங்க மற்றொன்று ஓங்கும். ஓங்குவது நமக்கு நன்மை செய்வதாக இருக்கும் என்று யார் உறுதி தந்தார்? 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில், பாம்பன் அருகே கடல் பச்சையாயிற்று; மீன்கள் செத்து ஒதுங்கின. வருணனின் சினமன்று. நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர், தன்னுள்ளே பச்சைப் பாசியைக் குடிவைத்து வாழும் வகை, அளவிறந்து பெருகியதே காரணம். நீரில் உயிர்வளி குறைந்து பவளங்களும் மடிந்தன. 'இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்பவர், அன்று வலையோடு கரையில் நின்ற மீனவரிடம் போய் அதைச் சொல்லட்டும்!

அக்கடல் நமக்கு அயலன்று. திருவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலையில் பிறக்கும் அர்ச்சுனா நதி இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கூடுகிறது. வைப்பாறு போய்ச் சேருமிடம் மன்னார் வளைகுடா. நாம் ஆற்றில் கொட்டுவது மழை வெள்ளத்தோடு அங்கே போகும். நாம் காற்றில் விடும் புகை எங்கும் போகும்.

பாசிக்கு ஒரே வழிதான் உண்டு: தலைமுறை தலைமுறையாக மடிந்து மாறுவது. ஏலாதவை சாவதே அங்கு மாற்றத்திற்குக் கொடுக்கும் விலை. அதை மனித சமுதாயத்திற்குச் சட்டமாக்கச் சொல்பவன் கொடியவன். மனிதனுக்கோ பகுத்தறிவு இருக்கிறது. ஒரு தலைமுறைக்குள்ளேயே பிழையை உணர்ந்து, வழக்கத்தை மாற்றி, சூழலைக் காக்க முடியும். சாவுக்குக் காத்திராமல் மாறத் தெரிந்த ஒரே உயிர், விதியே என்று உட்கார்ந்திருப்பது நியாயமா?

நாளை சுண்ணக்கட்டியைக் கையிலெடுத்துக் கரும்பலகை முன் நிற்கும்போது, மாணவர்க்கு நாம் முதலில் எழுதிக் காட்ட வேண்டிய சொல் ஒன்றுண்டு. 'ஏன்?' என்பதே அச்சொல்.