தந்தை தொழிலும் தொழிற்பயிற்சியும்

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் மாணவர்க்குத் தொழிற்பயிற்சி அளித்தல் வேண்டும் என்னும் பேச்சு எழும்போதெல்லாம் நம் மக்களிடையே ஓர் ஐயம் தோன்றுகிறது. “படிக்கும் பிள்ளையை மறுபடியும் வேலைக்கு அனுப்புவதா?” என்று கேட்கும் பெற்றோரை ஆண்டுதோறும் காண்கிறேன். அவ்வையத்திற்கு வரலாறு உண்டு.

1953-ஆம் ஆண்டில் சென்னை மாநில முதலமைச்சராயிருந்த இராஜாஜி அவர்கள் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் புதிய திட்டமொன்றைப் புகுத்தினார். பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் படிப்பர். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழகுவர். இரு பிரிவாகப் பள்ளி நடத்தினால் இருக்கும் ஆசிரியரைக் கொண்டே மிகுதியான பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு கூறிய காரணங்களுள் ஒன்று. அதனை முற்றிலும் பொய்யென்று ஒதுக்கிவிட இயலாது. ஆயினும், தச்சர் மகன் உளி பிடிப்பான், நெசவாளர் மகன் தறியில் அமர்வான். நம் பிள்ளைகள் எதனைப் பழகுவர்? பண்ணை வேலையும், செத்த மாட்டை அகற்றுவதும், சாவுக்குப் பறையடிப்பதுமே அன்று நம்மவர் பலர்க்கு விதிக்கப்பட்டிருந்தன. (பறை இன்று கலையாகப் போற்றப்படுவது வேறு, அன்று அது மறுக்கவியலாத ஊழியம்.) பெரியாரும் பிறரும் இதனைக் ‘குலக்கல்வி’ என்று சாடிப் போராடினர். 1954-இல் இராஜாஜி பதவி விலக, அவ்வாண்டே காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

இதற்குப் பதினோர் ஆண்டுகட்கு முன்னரே அண்ணல் அம்பேத்கர் வேறொரு தொழிற்பயிற்சியைக் கேட்டிருந்தார் என்பதை நம்மவரே பலர் அறியார். வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த அவர், 1942 அக்டோபரில் லின்லித்கோ பிரபுவிடம் தாழ்த்தப்பட்டோர் குறைகளை விளக்கி நீண்ட விண்ணப்பம் ஒன்றை அளித்தார். அரசு அச்சகங்களிலும் இரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர்களைத் தொழிற்பழகுநராகச் சேர்த்தல் வேண்டும் என்பது அதிற்கண்ட கோரிக்கைகளுள் ஒன்று. அச்சுக் கோப்பதும் கடைசல் இயந்திரம் ஓட்டுவதும் எவர்க்கும் குலத்தொழில் அல்ல. தந்தையிடம் கற்கக் கூடியவையும் அல்ல. உள்ளே சேர்த்துக்கொண்டாலன்றி அவற்றைக் கற்க வழியில்லை.

1961-இல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் அப்பயிற்சியில் இடம் ஒதுக்கும் பிரிவு 1973-இல்தான் சேர்க்கப்பட்டது. விண்ணப்பத்திற்கும் இதற்கும் இடையே 31 ஆண்டுகள்!

1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது வேளாண்மை, பொறியியல், வணிகம், மனையியல் முதலிய தொழிற்பிரிவுகளும் உடன் தொடங்கின. நோக்கம் நன்றே. ஆனால் மதிப்பெண் குறைந்தவர்க்கே அப்பிரிவு என்று தள்ளிவிட்ட தவற்றில் என்போன்ற தலைமையாசிரியர்க்கும் பங்குண்டு. அவ்வாறு தள்ளப்பட்டோருள் நம் பிள்ளைகளும் இருந்தனர்.

சில ஆண்டுகட்கு முன், சாவுக்குப் பறையடித்து வாழ்ந்த ஒருவர் தம் மகனை இயந்திரப் பிரிவில் சேர்க்கத் தயங்கி நின்றார். பள்ளிப் பட்டறைக்கு அழைத்துச் சென்று கடைசல் இயந்திரத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்திருந்தவர், “இது யார் செய்யிற வேலைங்க ஐயா?” என்றார். “கற்றவர் செய்வது” என்றேன். விண்ணப்பத் தாளை வாங்கி, அங்கேயே கையெழுத்திட்டார். மகன் பின்னர் ஒரு தொழிற்சாலையில் பழகுநராகச் சேர்ந்தான்.