ஒரு ஆல்பம், ரெண்டு சிடி ப்ளேயர்

எண்ணெய் டின்னின் அடியில் மண்டி தங்குமே, ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ஸ்லட்ஜ். அந்தப் பேரில் ஒரு மெட்டல் இசை வகை உண்டு. கிட்டார் தந்திகளைத் தளர்த்தி, சுருதியை இறக்கி, மெதுவாக, கனமாக வாசிப்பார்கள். அதன் மேல் அடித்தொண்டை அலறல்.

ஏன் மெதுவாக? 1980களில் அமெரிக்க ஹார்ட்கோர் பங்க் குழுக்களுக்குள் யார் வேகம்னு ஒரு போட்டியே நடந்தது. அந்தக் கூட்டத்தின் முன்னோடியான பிளாக் ஃப்ளாக், 1984இல் வந்த 'மை வார்' இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் சட்டென்று பிரேக் போட்டது. மூணே பாட்டு, ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல். வேகத்துக்காக வந்த ரசிகர்கள் பலருக்கு எரிச்சல். வாஷிங்டன் மாநிலத்தில் மெல்வின்ஸ் குழு அந்த வழியைப் பிடித்துக்கொண்டது.

1985இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் தொடங்கிய நியூரோசிஸும் முதலில் வேகக் குழுதான். 1992இன் 'சோல்ஸ் அட் ஸீரோ'வில் வேகம் குறைந்தது. கீபோர்டும் பதிவு செய்த பேச்சுத் துண்டுகளும் உள்ளே வந்தன. மேடையில் படம் ஓட்டுவதற்கென்றே ஒரு உறுப்பினரை வைத்திருந்தார்கள்.

1999இல்தான் அந்த விசித்திரமான சோதனை. ஸ்டீவ் அல்பினி ஒலிப்பதிவு செய்த 'டைம்ஸ் ஆஃப் கிரேஸ்' முதலில் வெளிவந்தது. அதே வருடம் அதே ஆட்கள், ட்ரைப்ஸ் ஆஃப் நியூரோட் என்ற தங்களுடைய இன்னொரு பேரில், 'கிரேஸ்' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். அதில் இரைச்சலும் ரீங்காரமும்தான். தனியாகவும் கேட்கலாம். ஆனால் ரெண்டு ப்ளேயரில் ரெண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கேட்பதற்காகச் செய்தது அது. (1997இல் ஃபிளேமிங் லிப்ஸ் குழு நாலு சிடியைச் சேர்த்து ஓட்டச் சொன்னது. அது ராக்.)

இங்கேதான் எனக்குள் இருக்கிற எஞ்சினியர் விழித்துக்கொள்கிறான். ரெண்டு ப்ளேயரின் கடிகாரமும் ஒரே மாதிரி ஓடாது. லட்சத்தில் அஞ்சு பங்கு வித்தியாசம்னு வெச்சுக்குங்க. ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகிவிடும். ப்ளே பட்டனை அழுத்துகிற ரெண்டு விரலின் பிசகு தனிக் கணக்கு.

இதையே வேகமான த்ராஷ் மெட்டலில் முயன்றால்? நிமிடத்துக்கு 200 தட்டு, தட்டுக்கு நாலு ஸ்வரம் என்றால், ஒரு ஸ்வரத்துக்கு 0.075 நொடிதான். 0.18 நொடி பிசகினால் ரெண்டு ஸ்வரம் தாண்டிப் போய்விடும், எல்லாம் குழம்பிவிடும். நொடிக்கு ஒரு தட்டு விழும் இசையில் அதே பிசகு ஒரு தட்டில் அஞ்சில் ஒரு பங்குகூட இல்லை. பக்கத்தில் ஓடுவது தாளமே தெரியாத ரீங்காரம் என்றால், பிசகு அதிலேயே கரைந்துவிடும். யோசிச்சுப் பாருங்க: மெதுவாக வாசித்ததால்தான் இந்தச் சோதனைக்கே இடம் கிடைத்தது. வேகத்தில் பிழையாகத் தெரிவது, மெதுவில் எதிரொலியாகிவிடுகிறது.

ஒரு ஆல்பம் கடைக்கு வந்ததும் இசைக்குழுவின் வேலை முடிந்தது என்பது வழக்கம். இதில் கடைசி வேலை கேட்பவருடையது. ஒரே வீட்டில் ரெண்டு தடவை ஓட்டினாலும் கலவை துல்லியமாக ஒன்றாக இருக்காது. யாராவது ரெண்டையும் கணினியில் கலந்து ஒரே கோப்பாக்கினால் வசதிதான். ஆனால் அந்த விலகல் அந்தக் கோப்பில் உறைந்துவிடும். முடிந்தால் ரெண்டு போன், ரெண்டு ஸ்பீக்கர், ரெண்டு கட்டைவிரல் என்றே கேட்டுப் பாருங்கள்.