கர்ணனுக்கு யார் யார் என்ன வேணும்?

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதை வளர்க்கிற விளையாட்டு ஒன்று உண்டு. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் அதற்குத் தொடக்கம். பாத்திரத்தின் பலம் எவ்வளவு, அறிவு எவ்வளவு, கையில் பொன் எவ்வளவு, எல்லாத்துக்கும் அதில் கணக்கு இருந்தது. பக்கத்தில் இருக்கிறவனின் பாத்திரம் இவனுக்கு என்ன உறவு என்பதற்கு மட்டும் விதி கிடையாது. பொம்மைப் படைகளை நகர்த்தும் போர் விளையாட்டிலிருந்து வந்தது அது. சிப்பாய்க்கு மாமன் மச்சான் எதுக்கு?

உறவு விதியாக நிலைபெறப் பல வருஷம் பிடித்தது. 2006-ல் வந்த ‘ஸ்பிரிட் ஆஃப் த செஞ்சுரி’யில் ஒருவர் தன் பாத்திரத்தின் பழைய சாகசத்தைச் சொன்னால், மற்றவர் பாத்திரங்கள் அதில் துணைவேடமாக வந்துபோகும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் பெரும்பாலும் ‘நான் உன்னைக் காப்பாத்தினேன், நீ என்னைக் காப்பாத்தினே’ என்று சப்பென்று முடியும். 2010-ல் வின்சென்ட் பேக்கரின் ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ இன்னும் கூர்மை. ஒரு பாத்திரம் மற்றதை எவ்வளவு அறிந்திருக்கிறது என்று எண் போட்டு எழுதணும். நான் உன்னை அறிந்த எண்ணும் நீ என்னை அறிந்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம பக்கத்துக் கூத்துதான் ஞாபகம் வந்தது. வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் திரௌபதியம்மன் தீமிதியை ஒட்டி பாரதக் கூத்து வைப்பார்கள். வேஷம் நேரே வந்து நிற்காது. இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னாலிருந்து பாட்டு. கட்டியக்காரன் யார் எவர் என்று விசாரிப்பான். நாடு, குலம், இன்னாருக்கு இன்னார் என்று சொல்லித்தான் வேஷம் சபைக்கு வரும். கூத்தாடிக்குக் கதையின் முடிவை மாற்ற உரிமையில்லை, விளையாடுகிறவனுக்கு உண்டு. ஒப்பீடு அந்த மட்டுக்கும்தான்.

ஆனால் கூத்து மரபே புது உறவுகளைக் கட்டியிருக்கிறது. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் ‘கர்ண மோட்சம்’ நாடகத்தில் கர்ணனின் மனைவி பொன்னுருவி. (நளவெண்பா புகழேந்தியா என்று கேட்காதீர்கள், அது தனிச் சண்டை.) வியாசரிடம் இவள் இல்லை. ஹன்னே டி புரூயினின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1998-ல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமே வெளியிட்டது.

பிறப்பு தெரியாதவன் என்று புருஷனை இளக்காரமாகப் பார்த்தவள் பொன்னுருவி. கடைசிப் போருக்கு முன் விடைபெற வருகிறவன் அப்போதுதான் தன் பிறப்பைச் சொல்கிறான். இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. குந்திக்குத் தெரியும், கிருஷ்ணனுக்குத் தெரியும், கர்ணனுக்குத் தெரியும். உயிர் நண்பன் துரியோதனனுக்குத் தெரியாது. கொல்லப்போகிற அர்ச்சுனனுக்கும் தெரியாது. பொன்னுருவிக்குத் தெரிய வரும்போது சேர்ந்து வாழ நாள் இல்லை. பாயில் உட்கார்ந்திருக்கிற நமக்கோ முதலிலிருந்தே எல்லாம் தெரியும், அதனால்தான் தூக்கம் வராது. பேக்கரின் எண்ணை இவர்களுக்கு எழுதினால் ஒரு ஜோடிகூடச் சரிசமமாக வராது.

தமிழ்ப் பாரத மரபில், கர்ணன் விழுந்த பிறகு குந்தி போர்க்களத்துக்கு வந்து அவனை மகனே என்று சொல்லி அழுகிறாள். அர்ச்சுனன் காதில் அந்தச் சொல் விழுவது அப்போதுதான்.