கல்லும் காகிதமும்

எங்கள் வகையறாவின் குலசாமி ஒரு பெண். கம்பம் பள்ளத்தாக்கில், ஓடைக் கரையில், இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு கல். பெயர் கிடையாது, 'அம்மா' என்றுதான் சொல்வோம். மாசி சிவராத்திரிக்குத் தலைக்கட்டு வரி போட்டுப் பங்காளிகள் பொங்கல் வைப்பார்கள். அவள் எப்படிச் செத்தாள் என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றுவார்கள். கிணற்றில் விழுந்தாள் என்று அப்பத்தா ஒருமுறை சொன்னாள். தள்ளினார்கள் என்று இன்னொரு முறை சொன்னாள்.

இப்போது அங்கே கோயில் எழும்புகிறது. கும்பாபிஷேக மலருக்கு 'வம்ச வரலாறு' எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். விஷயத்தையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். முன்னோர் ஒரு பாளையக்காரரின் தளபதி. அம்மா அவருடைய பத்தினி, கணவன் சிதையில் இறங்கியவள்.

இதில் புதுமை ஏதுமில்லை. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் கம்பெனி ஆட்சி பாளையங்களை ஜமீன்களாக மாற்றிக்கொண்டிருந்தது. காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் பாளையக்காரர்களின் வம்சாவளிகள் உண்டு. பலவும் ஒரே வார்ப்பு: மூதாதை ஒருவன் அரசனிடம் போகிறான், எதிரியை வீழ்த்துகிறான், பட்டமும் நிலமும் விருதும் பெறுகிறான். செத்த பாட்டனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பேரன் தன் நிலத்துக்கு வழக்காடுகிறான். 1901 ஜனத்தொகைக் கணக்கில் ரிஸ்லி சாதிகளை அந்தஸ்து வரிசையில் அடுக்க முற்பட்டார். அப்போது பாளையம் இல்லாதவர்களுக்கும் க்ஷத்திரியப் பாட்டன்கள் தேவைப்பட்டார்கள். மனுக்கள் குவிந்தன.

கொரியாவில் இதே காரியம் இன்னும் ஒழுங்காக நடந்திருக்கிறது. அங்கே குலப்பதிவேட்டுக்கு ஜொக்போ என்று பெயர். இன்று கிடைப்பவற்றில் பழையது ஆண்டோங் க்வொன் குலத்தாருடையது, 1476ஆம் ஆண்டினது. யாங்பான் என்ற மேல்குடிக்குப் படைவரி கிடையாது. எனவே பதிவேட்டில் பெயர் இருப்பது மானத்தோடு பணமும் சம்பந்தப்பட்ட விஷயம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் காசு கொடுத்து அதில் இடம் வாங்கினார்கள். பொய் ஏடுகளும் தயாராயின. என்னை உறுத்துவது வேறொன்று. 1476 ஏட்டில் மகன்களும் மகள்களும் பிறந்த வரிசையிலேயே இருக்கிறார்கள். பின்னால் வந்த ஏடுகளில் மகன்கள் முன்னே வந்துவிட்டார்கள். மகள்கள் பின்தள்ளப்பட்டார்கள், அவர்களுடைய சந்ததி மெல்ல மறைந்தது. குலம் உயர உயரப் பெண் தேய்கிறாள்.

எங்கள் பக்கத்திலேயே வேறுவிதமான ஞாபகமும் உண்டு. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்கள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. ஒன்று தீயன் அந்தவன் என்பவனுடைய கல். ஊர், ஆள், கூடலூரில் நடந்த ஆகோள் — மாடு பிடிக்கும் பூசல் — அவ்வளவுதான் வாசகம். தகப்பன் பெயர் இல்லை. நட்டவன் பெயரும் இல்லை. நட்டவர்களுக்கு அதனால் கௌரவம் கிடைத்திருக்கலாம், நிச்சயம் கிடைத்திருக்கும். ஆனால் கல்லில் இடம் செத்தவனுக்கு மட்டும்தான். எங்கள் புதுக் கோயிலின் சுவரில் உபயதாரர் பெயர்கள் தொகையோடு வெட்டப்படுகின்றன. இருக்கிறவர்களின் கல்வெட்டு.

அம்மாவுக்கு முதலில் கல் நட்டவர்கள் அவளுக்குப் பயந்தவர்கள். என்ன செய்தோம் என்று அவர்களுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு ராத்திரியாவது அந்தக் கிணற்றை நினைத்தார்கள். அந்தப் பயத்தில் ஒரு நேர்மை இருந்ததாக எனக்குப் படுகிறது. இப்போது கட்டுகிறவர்கள் அவளால் பெருமைப்பட விரும்புகிறார்கள். அதற்கு அவள் தானாகத் தீயில் இறங்கியிருக்க வேண்டும். தள்ளியவர்கள் அந்த வாக்கியத்தோடு காணாமல் போய்விடுவார்கள்.

மலரில் எனக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். கிணற்றிலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறேன். அவர்கள் அச்சிடமாட்டார்கள் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.